நுண்ணோக்கிக்குக் குங்குமம்!

ஆயுத பூசை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தின் கதவு திறக்கப்படுகிறது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடந்த அலமாரியும் திறக்கப்படுகிறது. உள்ளேயிருந்து நுண்ணோக்கி வெளியே எழுந்தருளுகிறது! தூசு துடைக்கிறார்கள். மேசைமேல் அமர்த்துகிறார்கள். மாணவன் கண் பதிக்க வேண்டிய குழலுக்குச் சந்தனம். விரல் திருப்ப வேண்டிய திருகுக்குக் குங்குமம். மேலே ஒரு முழம் கதம்பம். எதிரே எலுமிச்சம் பழம். கற்பூரம் காட்டப்படுகிறது. மாணவர்கள் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். பொரியும் கடலையும் வழங்கப்படுகின்றன. பிறகு? மீண்டும் அலமாரி! மீண்டும் பூட்டு!

எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான் என்று நாம் கூறவில்லை. கருவியைக் கையில் கொடுத்து, கண்ணால் காணச் செய்து, கேள்வி கேட்கத் தூண்டும் ஆசிரியப் பெருமக்கள் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம் உரியது. ஆனால், குங்குமம் படிந்த நுண்ணோக்கியைக் கண்டிராத தமிழ் மாணவன் எத்தனை பேர்? அதன் வழியே ஒரு துளிக் குளத்து நீரைக் கண்டிருக்கும் மாணவன் எத்தனை பேர்? கையை மார்பில் வைத்துச் சொல்லட்டும்!

"தொடாதே, உடைந்துவிடும்!" என்பது ஆய்வுக்கூடத்தில் மாணவன் கேட்கும் முதற் பாடம். "தொடாதே, தீட்டுப்பட்டுவிடும்!" என்பது அவன் பாட்டன் கோயில் வாயிலில் கேட்ட பாடம். இரண்டு குரலுக்கும் இடையே எவ்வளவு ஒற்றுமை பாருங்கள், தோழர்களே! அங்கே கருவறை, இங்கே அலமாரி. அங்கே அர்ச்சகர் கையில் திறவுகோல். இங்கே வேறொருவர் கையில். வெளியே நின்று கும்பிடுவது மட்டும் இரண்டிடத்திலும் நம் பிள்ளைகளின் வேலை!

நுண்ணோக்கி வழிபாட்டுப் பொருளாக வந்ததா இவ்வுலகுக்கு? ஆலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்றொரு நகரம். அங்கே ஆண்டனி வான் லீவன்ஹூக் என்றொரு துணி வணிகர். பல்கலைக்கழகம் மிதித்தவரல்லர், அறிஞர்தம் மொழியென்று அன்று போற்றப்பட்ட இலத்தீன் அறியாதவர். தம் கையாலேயே சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, அவற்றின் வழியே நீர்த்துளியைப் பார்த்தார். துளிக்குள்ளே உயிர்கள் துள்ளின! கண்டதைக் கண்டவாறு எழுதி, 1676-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் அரச கழகத்துக்கு மடல் விடுத்தார்.

அரச கழகத்தார் என்ன செய்தனர்? வணிகனுக்கு ஏன் இந்த வேலை என்று விரட்டினார்களா? வேதத்தில் இல்லையே என்று விலக்கினார்களா? அற்புதம் என்று ஆராதித்தார்களா? மூன்றுமில்லை. ஐயுற்றனர், ஆனால் ஐயத்தோடு நின்றுவிடவில்லை. 1677-இல் இராபர்ட் ஹூக் என்பார் அதே சோதனையைத் தாமே செய்தார். கழகத்தார் கண்ணெதிரே காட்டினார். கண்டனர், ஒப்புக்கொண்டனர். "நம்பு" என்கிறது மதம். "காட்டு" என்கிறது அறிவியல். சொன்னவர் எவர் என்பதில் மயங்காமல் சொன்னதில் மெய் உண்டா என்று காணச் சொல்லி, வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் இடித்துரைத்தாரே, அந்த அறிவுரைக்குச் செயல் வடிவம் இது.

இன்னொரு காட்சி. காசிமேட்டு மீன் சந்தையில் வளர்ந்த பிள்ளைக்கு எளிதில் விளங்கும் காட்சி. அழுகிய மீனில் புழு நெளிகிறது. புழு எங்கிருந்து வந்தது? அழுகலிலிருந்து தானே தோன்றியது என்று உலகம் ஈராயிரம் ஆண்டுகள் நம்பியது. மேதைகளும் நம்பினர். இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி எனும் மருத்துவர் அதை 1668-இல் சோதித்தார். சில குடுவைகளில் மீனையும் இறைச்சியையும் இட்டு வாயைத் திறந்து வைத்தார். வேறு சில குடுவைகளில் அதே பொருள்களை இட்டு வாயை மூடி வைத்தார். திறந்தவற்றில் ஈ மொய்த்தது, புழு வந்தது. மூடியவற்றில் புழு இல்லை. "காற்றுப் புகவில்லை, அதனால்தான் புழு இல்லை" என்று மறுப்புரைக்க இடம் இருந்தது. அதற்கும் விடை வைத்தார்: மெல்லிய துணியால் மூடினார். காற்றுப் புகுந்தது, ஈ புகவில்லை, மீனில் புழுவும் வரவில்லை!

இதுதான், இளைஞர்களே, அறிவியல் முறையின் உயிர்நாடி. ஒன்றே ஒன்றை மாற்று, மற்றெல்லாவற்றையும் மாற்றாதே, இரண்டையும் ஒப்பிடு. எதிர்ப்பக்கத்தான் என்ன சொல்வான் என்று நீயே எண்ணிப் பார்; அவனுக்கும் ஒரு குடுவை வை! எதிரியின் கேள்விக்குக் குடுவை வைக்கும் நேர்மை எந்தப் புராணத்தில் இருக்கிறது? எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?

டெல்ஃப்டும் இத்தாலியும் நமக்கு எதற்கு என்று வடசென்னைத் தோழர் கேட்கக்கூடும். அவருக்காகவே இதை எழுதுகிறோம்.

2023-ஆம் ஆண்டு, டிசம்பர் 26. நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்கள் உறங்கிக் கொண்டிருந்தனர். கோரமண்டல் இண்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. மூச்சு முட்டியது. கண் எரிந்தது. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் இருளில் ஓடினர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் பலர். காற்றும் கடல்நீரும் பின்னர் அளக்கப்பட்டன. ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா. அதற்குரிய வரம்பு 400. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 49 மில்லிகிராம். கடலில் விடும் கழிவுநீருக்குரிய வரம்பு 5.

அந்த இரவில் மக்களிடம் இருந்த கருவி எது? மூக்கு! முதலில் எச்சரித்தது அதுதான். ஆனால் மூக்குக்கு எண் தெரியாது. "நாறுகிறது" என்றால், "எவ்வளவு?" என்று கேட்பான் அதிகாரி. "கண் எரிகிறது" என்றால், "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்பான் ஆலைக்காரன். எண்ணுக்கு எண்தான் விடை. எண் எவன் கையில் இருக்கிறதோ அவன் பேச்சே சபையில் ஏறுகிறது. ஆலையிடம் அளவு உண்டு. அரசிடம் அளவு உண்டு. குப்பத்தில் மட்டும் இருமல்!

எண் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது, அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 2090-ஐயும் 400-ஐயும் பக்கத்தில் வைத்து, ஐந்து மடங்கு என்று முழங்குவது எளிது. ஆனால் 400 என்பது 24 மணி நேரத்தின் சராசரிக்கு வகுத்த வரம்பு. 2090 என்பதோ கசிவு நேர்ந்தபோது எடுத்த அளவு. ஒரு நொடியின் அளவை ஒரு நாளின் சராசரியோடு ஒப்பிடலாமா என்று நாளை ஒரு வழக்கறிஞன் மடக்குவான். "ஒப்பிடலாகாதுதான், ஆகவேதான் அந்த 24 மணி நேரமும் இடைவிடாது எடுத்த அளவைக் கொண்டு வா என்கிறோம், ஆகவேதான் ஊருக்குள்ளே நிலையான அளவுக் கருவியும், எல்லோரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையும் வை என்கிறோம்" என்று பதிலடி கொடுக்க எண்ணூர்ப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றும், அதில் ஆயிரம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம் என்றும் அறிவது தேர்வுக்கான மனப்பாடமன்று. அது மானங்காக்கும் படைக்கலம்!

இந்தப் படைக்கலத்தைப் பயிற்றுவிக்க வேண்டிய இடம் எது? உயிரியல் ஆய்வுக்கூடம்! இங்கேதான் வருகிறது பூட்டிய அலமாரி.

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையம் இயங்கி வருகிறது. நிலக்கரி எரிந்த சாம்பல் நீரில் குழைந்து குழாய் வழியே ஓடுகிறது. குழாய் கசிந்த இடங்களில் கொசஸ்தலையாற்றில் படிகிறது. மீனவர் சொல்கின்றனர்: "ஆற்றில் சாம்பல்." மறுப்பவன் சொல்கிறான்: "வெறும் சேறு." யார் சொல்வது மெய்? அலமாரியைத் திற! குங்குமத்தைத் துடை! சேற்றில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வை! உலையின் கொடுஞ்சூட்டில் உருகிக் குளிர்ந்த சாம்பல் துகள்கள் பெரும்பாலும் சின்னஞ்சிறு கண்ணாடி உருண்டைகளாய்த் தோன்றும். ஆற்று மணலின் துகள்களோ கோணல் மாணலாய்த் தோன்றும். நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி போதும் இதற்கு.

ஆனால் பார்த்தவுடன் தீர்ப்பெழுதிவிடாதே, தம்பி! ரெடியின் குடுவைகளை நினைத்துக்கொள். சாம்பலென்று ஐயமின்றி அறிந்த சாம்பலில் ஒரு தகடு. சாம்பல் எட்டாத தொலைவிலுள்ள ஆற்றுச் சேற்றில் ஒரு தகடு. ஐயத்துக்குரிய சேற்றில் ஒரு தகடு. மூன்றையும் பார். அளவு வேண்டுமா? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்துக் கோடிட்ட கண்ணாடி அளவுகோல் உண்டு. ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு 10 மைக்ரான். அதை வைத்துக் கண்வில்லையின் கோடுகளை முதலில் சரிபார். பிறகு துகளை அள. நூறு துகளை எண்ணினால் உருண்டை எத்தனை? எழுது. நாளை மறுபடி எண்ணு. வேறொரு மாணவி எண்ணட்டும். எந்தத் தகடு எந்த இடத்தது என்று அவளுக்குச் சொல்லாதே! எண்கள் ஒத்து வந்தால் பேசு. ஒத்து வராவிட்டால் ஏன் என்று தேடு.

இன்னொரு வழக்கும் எண்ணூரில் காத்திருக்கிறது. கழிமுகத்தில் "காக்கா ஆழி" என்று மீனவர் அழைக்கும் சிப்பி ஒன்று படர்ந்திருக்கிறது. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. பிறந்தகம் அமெரிக்கக் கண்டத்தின் நடுவும் தெற்கும். கப்பல்கள் வயிற்றில் சுமந்துவரும் நிலைப்பு நீரோடு கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்திருக்கக்கூடும் என்பது கருத்து. கேரளத்தின் காயல்களிலும் இது குடியேறியிருக்கிறது. ஆற்றின் அடித்தரையில் கம்பளம் விரித்தாற்போல் ஒட்டிக் கிடக்கிறது.

முதலில் இதன் கேட்டை உணர்ந்தவர் யார்? முழங்கால் நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்போரும் வலை வீசுவோரும்! இறால் ஒளியும் மெத்தென்ற சேறு இருந்த இடத்தில், விரலைக் கிழிக்கும் ஓடு இருப்பதை உணர்ந்த கைகள் அவை. ஏடறியாதார் என்று எவரை இந்தச் சமுதாயம் ஒதுக்கியதோ, அவருடைய கைதான் இந்த ஆய்வின் முதற் கருவி! அறிவியல் முறையின் முதற்படியாகிய உற்றுநோக்கல் அங்கே முடிந்துவிட்டது. அடுத்த படிகளை ஏறித் தர வேண்டியது நம் படிப்பின் கடமை.

"காக்கா ஆழி பெருகிய இடத்தில் இறால் குறைகிறது" என்பது கருதுகோள். எப்படிச் சோதிப்பது? நான்கு குச்சிகளைக் கட்டி, பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள ஒரு சதுரச் சட்டம் செய். காட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும் அருகே, நீர் வடியும் நேரத்தில், சேற்றின் மீது சட்டத்தை வை. உனக்குப் பிடித்த இடத்தில் வைக்காதே. கயிறு நீட்டி, முன்பே வகுத்துக்கொண்ட தூரத்தில் வை. உள்ளே எத்தனை சிப்பி? நான்கால் பெருக்கு, சதுர மீட்டருக்கு இத்தனை என்று விடை வரும். சிப்பி உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் கிடைக்கும் இறாலை ஒரே முறையில், ஒரே அளவு நேரத்தில் எண்ணு. உப்பின் அளவை எழுது. வெப்பத்தை எழுது. உப்பு மாறியதாலோ கழிவு கலந்ததாலோ இறால் குறைந்திருக்கக் கூடாதா என்று உன்னை நீயே குறுக்கு விசாரணை செய். மாதந்தோறும் செய். ஓராண்டின் ஏடு ஒன்று உருவாகும். அது எந்தத் தலபுராணத்தினும் உயர்ந்த ஏடு!

கருவி விலை அதிகம் என்பார் உளர். குச்சிக்கு என்ன விலை? கயிற்றுக்கு என்ன விலை? நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளக்க 1865-இல் ஏஞ்சலோ செக்கி என்பவர் என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் மறைகிறது, இழுக்கும்போது எந்த ஆழத்தில் தெரிகிறது என்று குறித்தார். அவ்வளவே! உலகம் இன்றும் அவர் பெயரால் அந்தத் தட்டை வழங்குகிறது. அந்தச் செக்கி யார்? கிறித்துவத் துறவி! அவர் ஏறிச்சென்ற கப்பல் போப்பாண்டவருடைய கப்பல்! கடலின் கலக்கத்தை அறிய அந்தத் துறவியே செபமாலையை இறக்கவில்லை; தட்டைத்தான் இறக்கினார். நம்மவர் தட்டை எடுப்பது கற்பூரம் ஏற்ற மட்டுந்தானா?

விலையன்று தடை. பழக்கமே தடை. மாணவனின் செய்முறைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, முடிவு என்று அழகாக வகுத்திருக்கும். ஆனால் பல இடங்களில் அந்த முடிவு சென்ற ஆண்டு மாணவனின் ஏட்டிலிருந்து வந்தது. அவனுக்கு அதற்கு முந்தைய ஆண்டு மாணவனிடமிருந்து வந்தது. சோதனையே நடக்காமல் முடிவு மட்டும் தலைமுறை தலைமுறையாக வருகிறது! வழிவழியாக வந்தது, கேள்வி கேட்காமல் எழுதப்பட்டது, ஒப்புக்கொண்டால் மதிப்பெண், மறுத்தால் சுழி. இதற்குப் பெயர் குறிப்பேடா? நான்கு வேதத்தோடு இது ஐந்தாம் வேதம்! சோதிக்கும் முன்பே முடிவு எழுதப்படும் இடத்துக்கு ஆய்வுக்கூடம் என்ற பெயர் எதற்கு?

தான் கண்டது பாடநூலுக்கு மாறாக இருந்தால், "நான் கண்டது இது" என்று எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஏன் மாறியது என்று அவனைத் தேட விடுங்கள். கருவி பழுதா, கை தவறா, காலம் வேறா என்று அவன் தேடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பகுத்தறிவு பிறக்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தில், 51-அ பிரிவில், எழுதிச் சேர்த்தார்கள். சட்டத்தில் எழுதினால் போதுமா? அலமாரியில் எழுத வேண்டாமா?

இதுவரை பிறரைச் சாடினோம். இனி நம் முதுகையும் பார்த்துக்கொள்வோம். பகுத்தறிவாளர் என்று மார் தட்டும் நாம், "அறிவியல் சொல்கிறது" என்று எத்தனை முறை அளவின்றிப் பேசியிருக்கிறோம்? எவர் அளந்தார், எதைக் கொண்டு அளந்தார், எத்தனை முறை அளந்தார் என்று கேளாமல், நமக்கு இனித்த செய்தியை மேடையேற்றியது உண்டா இல்லையா? "முன்னோர் சொன்னார்" என்பதைத் தள்ளிவிட்டு "விஞ்ஞானி சொன்னார்" என்பதைத் தலையில் வைத்துக்கொண்டால், சாமி மாறியதே தவிர கும்பிடு மாறவில்லை! எண்ணூரில் எல்லா நோய்க்கும் ஆலையே காரணம் என்று அளவின்றி முழங்கினால், ஒரே ஒரு பொய் எண்ணைக் காட்டி எதிரி நம் நூறு மெய் எண்களையும் தள்ளிவிடுவான். அளந்த பிறகு அளவு நமக்கு எதிராகவே நின்றாலும் ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவன் கையில் நுண்ணோக்கியும் உடுக்கைதான்!

மீனவர் குடியில் பிறந்து, பொதுவுடைமையும் பகுத்தறிவும் பேசிய சிங்காரவேலர், 1930-களில் 'குடி அரசு' ஏட்டில் அறிவியலை ஏன் எழுதினார்? அரசியல் பேச ஆள் இல்லாமலா? வயிற்றுக்கு நியாயம் கேட்கிறவனுக்கு வானத்தையும் உயிரையும் பற்றிய மெய்யறிவும் வேண்டும் என்று அவர் கருதியதால் அன்றோ! 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கூடி நின்றார்களே, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வடசென்னைப் பள்ளிகளில் பயில்கின்றனர். பாட்டன் மழையில் நனைந்து கேட்டது தன்மானம். பேரன் கற்க வேண்டியது, அந்தத் தன்மானத்தை எண்ணால் நிலைநாட்டும் கலை.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியபோது, நம் மக்கள் கையில் இருந்தது வாளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தபோதும் அதே வாளி. அழுக்கை அள்ளும் வாளி மட்டும் எங்களுக்கு, அளக்கும் கருவி உங்களுக்கா? இந்தப் பங்கீட்டை எந்த மனு வகுத்தான்?

ஆகவே கேட்கிறோம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இராயபுரத்திலும் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் அலமாரியின் பூட்டு அகலட்டும். மாணவர் கை பட்டு நுண்ணோக்கி தேயட்டும். உடைந்தால் உடையட்டும், வேறு வாங்குவோம்! ஆற்று நீரும் கடற்சேறும் பாடமாகட்டும். பள்ளிதோறும் ஓர் அளவேடு தொடங்கப்பட்டு, அது ஊரார் முன் வைத்துப் படிக்கப்படட்டும். நம் மன்றத்துத் தோழர்கள் மாலைப் பொழுதில் மேடை போடும் முன், காலைப் பொழுதில் ஒரு சதுரச் சட்டத்தோடு கழிமுகத்தில் இறங்கட்டும்.

அடுத்த ஆயுத பூசைக்கு முன்பே இதைச் செய்வோம். அன்றைக்குக் குங்குமக் கிண்ணத்தோடு வருபவர் அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். நுண்ணோக்கி அங்கே இருக்கக் கூடாது. ஆற்றங்கரையில் வேலையாய் இருக்க வேண்டும்!